பாக்கெட் மணி: கடன் வாங்காம கடனா நதியில் மிதப்போமா?



இந்த வாரம் வந்த கேள்வியைப் படிச்சதும் தூக்கிவாரிப் போட்டுது. ‘அண்ணே, ஸ்டாண்ட்-அப் பேடில் போர்டு வாங்கணும். கையில 12,000 இருக்கு. ஊரு கடையம் பக்கம். எதை வாங்க?’னு ஒரு செகண்ட் இயர் தம்பி. ஷூ, செல்போன், பழைய பைக்னு ஓடிக்கிட்டிருந்த இந்தப் பக்கத்துல முதல் தடவையா ஒருத்தர் தண்ணியில குதிச்சிருக்கார். அதுவும் நம்ம ஏரியா தண்ணி! கீழக்கடையத்துல பாசஞ்சர் ஏறினா ரெண்டாவது ஸ்டேஷன் ஆழ்வார்குறிச்சி, அடியேன் பிறந்த ஊர். சும்மா விட்டுருவோமா?

விஷயம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பத்து அடி நீளத்துல, சர்ஃபிங் போர்டுக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு பலகை. அது மேல நின்னுக்கிட்டே, ஆள் உயரத்தைவிட நீளமான ஒரே ஒரு துடுப்பால தண்ணியைத் தள்ளிப் போகணும். அலை வேண்டாம், இன்ஜின் வேண்டாம், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். செல்லப் பேரு ‘சப்’. ஹவாய் தீவுல வைக்கிக்கி கடற்கரையில சர்ஃபிங் சொல்லிக் கொடுத்த பசங்க 1940-கள்லயே இப்படி நின்னு துடுப்புப் போட்டிருக்காங்க. 2000-த்தை ஒட்டி லேர்ட் ஹாமில்டன்ங்கிற சர்ஃபிங் ஸ்டார் இதைக் கையில எடுத்ததும் உலகம் பூரா பத்திக்கிச்சு.

இதை நம்ம வீட்டுத் திண்ணையில உக்காந்து சொன்னா, தாத்தா ஒரே வரியில காலி பண்ணிட்டார். “ஏல, இதுல என்னலே புதுசு? கட்டுமரம் பாத்ததில்லையா நீ?”

பாயின்ட்டுதான்! லேசான மரத்தடி மூணோ அஞ்சோ எடுத்துக் கயித்தால இறுக்கிக் கட்டி, அது மேல முட்டி போட்டோ நின்னோ துடுப்புப் போட்டு அலையைத் தாண்டிப் போனவங்க நம்ம கடற்கரை ஜனங்க. மெட்ராஸ்ல துறைமுகம் கட்டாத காலத்துல, தூரத்துல நங்கூரம் போட்ட கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல கடுதாசி கொண்டுபோனது கட்டுமரக்காரங்கதான். ஓலையால முடைஞ்ச தொப்பிக்குள்ள லெட்டரை நனையாம வெச்சுக்கிட்டு அலைக்குள்ள பாய்வாங்களாம். இங்கிலீஷ்காரன் ‘கேட்டமரான்’ங்கிற வார்த்தையையே இங்கேருந்துதான் எடுத்துட்டுப் போனான். (ராயல்டி வந்தா சொல்லுங்க, பங்கு பிரிச்சுக்கலாம்!)

ஆக, ரத்தத்துலயே இருக்கு. இப்பவும் இருக்கு. தேசிய அளவுல ‘சப்’ போட்டிகள்ல சாம்பியன் பட்டம் அடிச்ச சேகர் பச்சை நம்ம தமிழ்நாட்டு ஆள்தான். 2024 மார்ச்ல மங்களூரு பக்கத்துல சசிஹித்லு பீச்ல ‘இண்டியா பேடில் ஃபெஸ்டிவல்’ நடந்தப்ப, உலக டூர்ல ஆடுற வீரர்களெல்லாம் வந்து இறங்கினாங்க. சென்னை பக்கம் கோவளத்துலயும், ராமநாதபுரம் பக்கம் பிரப்பன்வலசையிலயும் போர்டைக் கையில கொடுத்துக் கத்துக்கொடுக்க ஆள் இருக்கு.

ஆனா, தம்பி கேட்டது கோவளத்துக்கு இல்லையே... கடையத்துக்கு! அதனால போர்டு விலையைத் தேடறதுக்கு முன்னாடி ஒரு குட்டி வேலை.

முதல்ல தண்ணியைப் பாரு மாப்ளே!

ஹெல்மெட்டைத் தலைக்கு அளவெடுத்து வாங்கற மாதிரி, போர்டைத் தண்ணிக்கு அளவெடுத்து வாங்கணும். நம்ம பக்கம் என்ன தண்ணி இருக்கு?

சிவசைலத்துக்கு மேல கடனா அணை, 85 அடி. அந்தப் பக்கம் ராமநதி அணை, 84 அடி. பார்த்தாலே பலகையைப் போட்டுரலாமான்னு கை துறுதுறுக்கும். போட முடியாது பாஸ். அணை நீர்வளத்துறை கையில இருக்கு. அணைக்குப் பின்னாடி நிக்குற மலை களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தோட சேர்ந்தது. அனுமதி இல்லாம இறங்கினா போர்டும் போகும், மானமும் போகும்.

சரி, ஆறு? எங்க ஊரை ஒட்டி ஓடுற கடனா நதி, மலையில மழை அடிச்சா பொங்கி வரும். மத்த நாள்ல முழங்கால் தண்ணி. கோடையில பாறையும் மணலும்தான். போர்டுக்கு அடியில ‘ஃபின்’னு மீன் செதில் மாதிரி ஒண்ணு நிக்கும், எட்டு ஒம்பது இன்ச். அது பாறையில தட்டினா போர்டு டக்குன்னு நிக்கும், நீங்க நிக்காம முன்னாடி போய் விழுவீங்க. கீழே விழறதுக்குத் தண்ணி இருந்தா பரவாயில்லை, பாறை இருந்தா?

மிச்சம் இருக்குறது குளம். இதுதான் நம்ம மைதானம். பிசான சாகுபடிக்காக ஐப்பசி, கார்த்திகையில நிரம்பும். தையில ததும்பும். பங்குனி தாண்டினா ஓரத்துல சேறு தெரிய ஆரம்பிச்சிரும். நல்ல வருஷத்துலயே நாலஞ்சு மாசம்தான் கணக்கு. இதைக் குறிச்சு வெச்சுக்கங்க, பட்ஜெட் போடுறப்ப திரும்ப வருவோம்.

குளத்துக்கும் சொந்தக்காரங்க உண்டு. மீன் பாசி குத்தகை எடுத்தவர் இருப்பார், பாசனத்துக்கு மடை திறக்குற ஆள் இருப்பார், துவைக்குற அக்காக்கள், குளிக்கிற எருமை அண்ணன்கள்னு ஒரு ஊரே அதுல வாழுது. “அண்ணாச்சி, வலை எங்க போட்டிருக்கீங்க? ஓரமா ஒரு ரவுண்டு போய்க்கிடட்டுமா?”னு கேட்டுட்டு இறங்குங்க. கேக்காம இறங்குனா, வலை கிழிஞ்சதுக்கு உங்க பன்னிரண்டாயிரமும் பத்தாது. அம்பாசமுத்திரம் பக்கம் வாகைக்குளம் மாதிரி பறவைங்க கூடு கட்டுற குளங்கள்ல இறங்கவே வேண்டாம். நிமிந்து நிக்குற மனுஷ உருவம் மெல்ல நகர்ந்து வந்தா, கூட்டுல இருக்குற பறவைக்கு அது படகு மாதிரி தெரியாது, வேட்டைக்காரன் மாதிரி தெரியும். தாய்ப் பறவை எழுந்து போனா முட்டை வெயில்ல வெந்திரும்.

அப்புறம் ஒரு வில்லன்: சீமைக்கருவேலம். தண்ணி வத்துன காலத்துல குளத்துக்குள்ள முளைச்சு, தண்ணி வந்ததும் முழுகி நிக்கும். மேலே ஒண்ணும் தெரியாது. கீழே பூரா ஊசி. இதையும் குறிச்சுக்கங்க.

காத்தடிச்ச பலகை... நம்பலாமா?

போர்டுல ரெண்டு ஜாதி. ஃபோம் வெச்சு மேல ஃபைபர் பூசின ‘ஹார்டு’ போர்டு. காத்தடிச்சா விறைச்சு நிக்கிற ‘இன்ஃப்ளேட்டபிள்’ போர்டு.

தண்ணியில ஓடுற சுகம் ஹார்டு போர்டுலதான். மறுக்கல. ஆனா பத்தரை அடிப் பலகையைத் திருநெல்வேலி–செங்கோட்டை பாசஞ்சர்ல எப்படி ஏத்துவீங்க? டவுன் பஸ்ல கண்டக்டர் முகத்தைக் கற்பனை பண்ணிப் பாருங்க! டி.வி.எஸ். ஃபிஃப்டியில கட்டினா எதிர்ல வர்றவன் நாலு பேரைத் தட்டிட்டுத்தான் ஊருக்குப் போவீங்க. ஹாஸ்டல்ல வார்டன் அதை டைனிங் டேபிளாக்கிருவார்.

இன்ஃப்ளேட்டபிள் சுருட்டினா முதுகுல மாட்டுற பெரிய பை. ஒரு எட்டு ஒம்பது கிலோ. குளம் வத்தின மாசத்துல அதை மாட்டிக்கிட்டு ராமநாதபுரம் பக்கமோ, மலையைத் தாண்டிக் கொல்லம் காயல் பக்கமோ ரயில் ஏறிரலாம். நாலு மாசத் தண்ணியை எட்டு மாசமா இழுக்குறதுக்கு இதுதான் வழி. அதனால மாணவர்களுக்கு என் ஓட்டு காத்துக்குத்தான்.

‘காத்தடிச்ச பொருள் மேல எப்படி நிக்க முடியும், மெத்தை மாதிரி தொளதொளன்னு இருக்காதா?’ன்னு கேப்பீங்க. இங்கதான் நம்ம டிபார்ட்மென்ட் வருது. உள்ளே மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான நூல் கோத்திருப்பாங்க. ‘ட்ராப் ஸ்டிச்’னு பேரு. காத்து ஏற ஏறத் துணி பலூன் மாதிரி உருண்டையாகப் பாக்கும், நூல்கள் விடாது. இழுத்துப் பிடிச்சுத் தட்டையாவே வெச்சிருக்கும். 12-லருந்து 15 பி.எஸ்.ஐ. ஏத்தினா, தட்டினா மரக்கதவு மாதிரி சத்தம் வரும்.

இந்த நூல் இல்லாத பொம்மைகளும் ‘பேடில் போர்டு’ன்னு பேர் வெச்சுக்கிட்டு இன்டர்நெட்ல சிரிக்குது. விலை கம்மி. அது நீச்சல்குளத்துல ஜூஸ் குடிக்கிறதுக்கு. ‘ட்ராப் ஸ்டிச்’னு எழுதியிருக்கான்னு பார்த்துட்டு மேல பேசுங்க.

இப்போ அளவு. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லட்டா? முதல் போர்டுன்னா நீளம் பத்தரை அடி, அகலம் 32-லருந்து 33 இன்ச், தடிமன் 6 இன்ச். ஏன்னு ஒரு ரஃப் கணக்கு (கால்குலேட்டர் ப்ளீஸ்).

320 சென்டிமீட்டர் நீளம், 81 அகலம், 15 தடிமன். செவ்வகமா நினைச்சா 389 லிட்டர். முன்னும் பின்னும் வளைஞ்சு குறுகுறதால முக்கால்வாசின்னு வெச்சா, சுமார் 290 லிட்டர். உங்க எடை 65 கிலோ, போர்டு 9, பையும் தண்ணி பாட்டிலும் 4. மொத்தம் 78. ஆர்க்கிமிடீஸ் தாத்தா சொன்னபடி 78 லிட்டர் தண்ணியைத் தள்ளினா போதும், மிதக்கும். அதாவது 15 சென்டிமீட்டர்ல நாலு சென்டிமீட்டர்தான் முழுகும். ஆக, மிதக்குமாங்கிற கவலையே வேண்டாம். கவிழாம இருக்குமாங்கிறதுதான் கவலை.

அதை முடிவு பண்றது அகலம். பக்கவாட்டுல சாயாம நிக்கிற பலம் அகலத்தோட மூணாம் படிக்கு ஏத்த மாதிரி ஏறும். 30 இன்ச் போர்டையும் 33 இன்ச் போர்டையும் பக்கத்துல வெச்சா கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. மூணு இன்ச், பத்து சதவிகிதம். ஆனா 1.1-ஐ மூணு தடவை பெருக்கிப் பாருங்க... 1.33. ஸ்டெடியா நிக்கிறதுல மூணுல ஒரு பங்கு அதிகம்! கடைக்காரர் ‘ஸ்லிம் மாடல் சார், ஸ்பீடா போகும்’பார். ஸ்பீடு அப்புறம். முதல்ல நிப்போம்.

சின்ன வயசுல வாழைத்தண்டைக் கட்டித் தெப்பம் விட்டவங்களுக்கு இந்தக் கணக்கு தேவையே இல்லை. ஒரு தண்டுல உக்காந்தா உருண்டு விழுவோம், மூணு தண்டு கட்டினா டான்ஸே ஆடலாம். அதே மேட்டர்தான்.

தடிமன்ல 4 இன்ச் போர்டு விலை குறைவா வரும், வேண்டாம். நடுவுல நீங்க நிக்கும்போது வாழைப்பழம் மாதிரி வளையும். ஒத்தை லேயரா, ரெண்டு லேயரான்னும் கேளுங்க. நம்ம கருவேல முள்ளுக்கு ரெண்டு லேயர்தான் தாக்குப்பிடிக்கும். ரிப்பேர் கிட் கூட வருதான்னு பாருங்க. பசை டியூப் காஞ்சு போயிருந்தா பஞ்சர் கடை அண்ணன்கிட்ட பி.வி.சி.-க்கு ஒட்டுற பசை கேக்கணும். சைக்கிள் டியூப் சொல்யூஷன் இதுக்கு ஒத்துவராது.

துடுப்பு? உங்க உயரத்துக்கு மேல ஒரு ஜாண் நீளம், ஏத்தி இறக்குற மாதிரி இருந்தா போதும். செட்டோட வர்ற அலுமினியத் துடுப்பே முதல் வருஷத்துக்கு ஓகே. கொஞ்சம் கனம். கார்பன் துடுப்பு இறகு மாதிரி இருக்கும், விலையைக் கேட்டா நாமதான் பறந்து போவோம். ஒண்ணு மட்டும்: துடுப்போட தட்டு லேசா வளைஞ்சிருக்கும். அந்தச் சாய்வு முன்னாடி பாக்கணும். இன்ஸ்டாகிராம்ல பாதிப் பேர் திருப்பிப் பிடிச்சுக்கிட்டுத்தான் போஸ் கொடுக்குறாங்க.

பம்புல கருமித்தனம் பண்ணாதீங்க. 290 லிட்டர் போர்டை 15 பி.எஸ்.ஐ.-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 580 லிட்டர் காத்து உள்ளே போகணும். ஒரு அழுத்துக்கு ரெண்டு லிட்டர் தள்ளுற பெரிய பம்புன்னா 290 அழுத்து. சைக்கிள் பம்புல ஆரம்பிச்சா அடிச்சு முடிக்கறதுக்குள்ள குளம் வத்திரும். பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல சொய்ங்னு ஏறும்தான், நிறுத்தறதுக்குள்ள லிமிட்டும் தாண்டிரும். பிரஷர் மீட்டர் இல்லாம அடிக்காதீங்க.

இன்னொண்ணு, நம்ம ஊரு வெயில்! காலையில 27 டிகிரியில 15 பி.எஸ்.ஐ. அடிச்சு வெச்சுட்டு, கரையில வெயில்லயே போட்டுட்டு புரோட்டா சாப்பிடப் போறீங்க. போர்டு சூடேறி உள்ளே காத்து 60 டிகிரிக்கு வந்தா, பிரஷர் 18-ஐத் தாண்டிரும். பிளஸ் டூ-ல படிச்ச வாயு விதிதான், பரீட்சையோட மறந்துட்டோம். தண்ணியில இருக்கும்போது அடிப்பக்கம் குளிர்ந்து சமாளிக்கும். கரைக்கு வந்தா நிழல்ல போடுங்க, இல்லைன்னா கொஞ்சம் காத்தை இறக்கிடுங்க.

கால்ல கட்டுற கயிறு... கவனம்!

இதுவரைக்கும் சிரிச்சது போதும். இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க.

போர்டு கூடவே ‘லீஷ்’னு ஒரு கயிறு வரும். ஒரு முனை போர்டுல, இன்னொண்ணு கணுக்கால்ல. விழுந்தாலும் போர்டு காத்துல அடிச்சுக்கிட்டுப் போயிராது. கடல்லயும் குளத்துலயும் அது உயிர் காக்கும். நீங்க நீந்துறதைவிட வேகமா காத்து போர்டைத் தள்ளிட்டுப் போகும், அந்த போர்டுதான் உங்க படகு.

ஓடுற ஆத்துல அதே கயிறு ஆளைக் கொல்லும். 2021 அக்டோபர் 30-ம் தேதி, இங்கிலாந்துக்குப் பக்கத்துல வேல்ஸ்ல ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட்ங்கிற ஊர். மழைக்கு அப்புறம் ஆறு நிறைஞ்சு ஓடுது. டூர் மாதிரி குரூப்பா ‘சப்’ போனவங்க, ஊருக்கு நடுவுல இருந்த ஒரு சின்னத் தடுப்பணை மேல போய் விழுந்தாங்க. நாலு பேர் செத்துப்போனாங்க. அருவி மாதிரி உசரமெல்லாம் இல்லை, தாழ்வான தடுப்புதான். கணுக்கால்ல கட்டின லீஷ் ஓடுற ஆத்துக்குப் பொருத்தமே இல்லைன்னு விசாரணை அறிக்கை சொல்லுச்சு. கூட்டிட்டுப் போன நிறுவனத்தோட உரிமையாளருக்கு 2025-ல ஜெயில் தண்டனை கிடைச்சுது.

அது எங்கேயோ வேல்ஸ்தானேன்னு நினைக்காதீங்க. தாமிரபரணியில எத்தனை அணைக்கட்டு? கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். எட்டு! கடனா நதிக்கும் கால்வாய் பிரியுற இடத்துலயெல்லாம் குட்டிக் குட்டித் தடுப்பணைங்க. நம்ம நெல்லுக்கு இவைதான் சோறு போடுது. பலகை மேல நிக்கிறவனுக்கு இவைதான் எமன்.

காரணம் இதுதான். அணைக்கட்டு மேல வழிஞ்சு விழுற தண்ணி, அடியில போய் முட்டி, மேலே எழும்பி, திரும்பவும் அணைச் சுவரை நோக்கியே உருளும். அதுக்குள்ள விழுந்த தேங்காயைப் பார்த்திருக்கீங்களா? போகாது. முழுகும், எழும், சுவர்கிட்டயே வந்து முழுகும். ஆளும் அப்படித்தான். இதுல கால்ல கயிறு, கயித்துல பத்தடிப் பலகை, பலகை ஒரு பக்கம் மாட்டிக்கிச்சுன்னா... குனிஞ்சு கணுக்கால் கட்டை அவுக்க ஓடுற தண்ணி விடாது. அதோட, மேல் பக்கத்துலருந்து வர்றப்போ அணைக்கட்டு கண்ணுக்கே தெரியாது. தண்ணி ஒரு கோடு மாதிரி முடியும், அவ்வளவுதான். சத்தம் கேக்கும்போது நெருங்கியிருப்பீங்க.

அதனால முதல் வருஷம் ஆறு வேண்டாம். நிக்கிற தண்ணி மட்டும். குளத்துலயும் மடை திறந்திருந்தா அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க. ரெண்டாவது வருஷம் அனுபவசாலி ஒருத்தரோட ஆத்துல போறதா இருந்தா, இடுப்புல மாட்டி ஒரே இழுப்புல கழட்டுற பெல்ட் லீஷ்தான். அதைத் தனியா வாங்கணும், செட்டுல வராது.

லைஃப் ஜாக்கெட்டுக்கு வருவோம். ‘எனக்கு நீச்சல் தெரியும்ணே’ங்கிற டயலாக் செல்லாது. தலையில துடுப்புப் பட்டு விழுறவனுக்கு நீச்சல் தெரியாது. ஜாக்கெட்டுல 50 நியூட்டன், 100 நியூட்டன்னு போட்டிருக்கும். 50-ன்னா சுமார் அஞ்சு கிலோ தூக்கும், நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு. நீச்சல் தெரியாதவங்க 100 போட்டுக்கிட்டு, போர்டைப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி நீச்சல் கத்துக்கப் போங்க. கடையில போட்டுப் பார்த்துட்டு, ஃப்ரெண்டை விட்டு ரெண்டு தோள் பட்டையையும் மேலே தூக்கச் சொல்லுங்க. ஜாக்கெட் காதுக்கு வந்தா அது உங்க சைஸ் இல்லை.

சரி... பன்னிரண்டாயிரத்துக்கு என்னதான் கிடைக்கும்?

நேராச் சொல்லிடறேன் தம்பி. போர்டு, துடுப்பு, பம்பு, லீஷ், ஜாக்கெட் எல்லாம் சேர்த்துப் புதுசா, நம்பி ஏறுற தரத்துல, 12,000-க்கு வாங்குறது கஷ்டம். அந்த விலையில விளம்பரம் நிறைய வரும், பெரும்பாலும் தடிமன் கம்மியாவோ நூல் கம்மியாவோ இருக்கும். ஆறு மாசம் சேர்த்த காசு, ஒரே சீசன்ல ஒட்டு பிரிஞ்சு வேஸ்ட் ஆயிடும்.

ஆனா கணக்கை இப்படி மாத்திப் பாருங்க. வருஷத்துல நாலு மாசம் தண்ணி. செமஸ்டர், அரியர், இன்டர்னல் எல்லாம் போக மாசம் நாலு ஞாயித்துக்கிழமைன்னு வெச்சாலும் 16 நாள். 16 நாளுக்கு ஒருத்தனே முழு போர்டு வெச்சிருக்கணுமா? மூணு பேர் சேர்ந்தா கையில 36,000. நல்ல ஆறு இன்ச் போர்டு, மூணு ஜாக்கெட், பெரிய பம்பு எல்லாம் அதுக்குள்ள அடங்கும். ஒருத்தன் போர்டுல, ரெண்டு பேர் கரையில. தனியா தண்ணிக்குள்ள போகக் கூடாதுங்கிற ரூலும் தானா நிறைவேறிடும். கிரிக்கெட் கிட்டை எட்டு பேர் பங்கு போட்டு வாங்கி ஆடின பசங்கதானே நாம!

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது வாடகை போர்டுல ஏறிப் பாருங்க. ரயில் டிக்கெட்டும் வாடகையும் சேர்ந்தாலும் புது போர்டு விலையில சின்னத் துண்டுதான். முதல் அரை மணி நேரம் முழங்கால் நடுங்கும். அதுக்கப்புறமும் பிடிச்சிருந்தா வாங்கலாம். பிடிக்கலைன்னா மூணு பேரோட காசு மிச்சம்.

செகண்ட் ஹேண்ட்? தாராளமா! ஆனா போட்டோ பார்த்து ஜி-பே பண்ணாதீங்க. நேர்ல போங்க, முழுசா காத்தடிக்கச் சொல்லுங்க. மீட்டர்ல எவ்வளவுன்னு எழுதி வெச்சுட்டு, ரெண்டு மணி நேரம் பேச்சுக் கொடுங்க. டீ குடிங்க. திரும்ப மீட்டரைப் பாருங்க. சோப்புத் தண்ணியைத் தொட்டு ஓரத் தையல்லயும் வால்வுலயும் தடவினா, ஓட்டை இருந்தா குமிழ் விடும். ரெண்டு முனைக்கும் செங்கல் வெச்சு நடுவுல ஏறி நில்லுங்க, தரையைத் தொடுற அளவுக்கு வளைஞ்சா கும்பிடு போட்டுட்டு வந்துருங்க. ஓட்டு ஒட்டின இடம் பசை விட்டு நாறுதான்னு மோந்து பாருங்க. விக்கிறவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

மெக்கானிக்கல் மச்சான்கள் கண்டிப்பா ஒண்ணு கேப்பீங்க: ‘நாமளே செஞ்சா என்ன?’ செய்யலாம். 1930-கள்லயே டாம் பிளேக்ங்கிற அமெரிக்கர் உள்ளே கூடா இருக்குற மரப் போர்டு செஞ்சு காட்டியிருக்கார். பிளைவுட்ல விலா எலும்பு மாதிரி சட்டம் கட்டி மேல மூடணும். தெர்மாகோல்ல செதுக்கி ஃபைபர் பூசறது இன்னொரு வழி. ஆனா ஹார்டுவேர் கடையில சாதாரணமா கிடைக்கிற பாலியெஸ்டர் ரெசினை நேரடியா தெர்மாகோல் மேல ஊத்தினா, அது தெர்மாகோலை ஐஸ்கிரீம் மாதிரி உருக்கித் தின்னுடும். எபாக்ஸி ரெசின்தான் வேணும், அது விலை ஜாஸ்தி. மொத்தக் கணக்கு போட்டா மிச்சம் ஒண்ணும் பெருசா இல்லை, கனமும் கூடும். ஃபைனல் இயர் புராஜெக்ட்டா செஞ்சா சூப்பர். காசு மிச்சம் பிடிக்கன்னு இறங்காதீங்க.

கூட்டா வாங்கறவங்களுக்கு ஒரு விஷயம். போர்டு யார் வீட்டுல இருக்கும், கிழிஞ்சா யார் காசு, படிப்பு முடிஞ்சு ஒருத்தன் சென்னைக்கு வேலைக்குப் போனா அவன் பங்கை என்ன விலைக்கு எடுத்துக்கறது... இதை வாங்குற அன்னிக்கே ஒரு நோட்டுல எழுதி மூணு பேரும் கையெழுத்துப் போட்டுருங்க. போர்டைக் காயவெச்சு, மண்ணைக் கழுவிச் சுருட்டி, எலி வராத இடத்துல வைக்கிற அம்மா யார் வீட்டுல இருக்காங்களோ, அந்த வீடே பெஸ்ட்!

அடுத்த வாரம்: ஹாஸ்டல் ரூமுக்கு இண்டக்‌ஷன் ஸ்டவ்... வார்டன் மூக்குக்கும் எட்டாம, மீட்டரும் எகிறாம! அதுவரைக்கும், ஜூட்!